மனத்தளர்வா, மனச்சோர்வா? நெடுநோயாளியின் படுக்கையருகே பிரித்தறிந்து உதவும் முறை

வாரத்தில் இரண்டோ மூன்றோ நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருக்கும் இருவர், அடுத்தடுத்த படுக்கைகளிலிருந்து "வெறுத்துப் போச்சுங்க" என்ற ஒரே சொல்லைச் சொல்வார்கள். ஒருவருக்கு அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கும். மற்றவருக்கு அது மனத்தளர்வு, அதாவது நோய் தன்னை மீறிப் போய்விட்டது, இனி என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று கையற்று நிற்கும் நிலை. முதலாமவரிடம் ஆறுதல் பேசிவிட்டு வந்தால் நோய் முற்றும். இரண்டாமவருக்கு மாத்திரையை மட்டும் எழுதிக்கொடுத்தால் அவருடைய கேள்வி கேள்வியாகவே நிற்கும்.

இந்த வழிகாட்டி வார்டு செவிலியர், ஆலோசகர், மருத்துவ சமூகப் பணியாளர், பயிற்சி மருத்துவர் ஆகியோருக்காக எழுதப்பட்டது. எடுத்துக்காட்டுகள் டயாலிசிஸ் பிரிவிலிருந்தே பெரும்பாலும் வருகின்றன. புற்றுநோய், பக்கவாதம், இதயச் செயலிழப்பு, காசநோய் வார்டுகளுக்கும் இதே வரிசை பொருந்தும். நோயை உறுதிசெய்வதும் மருந்து எழுதுவதும் மருத்துவரின் வேலை. அவரிடம் எதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது உங்கள் வேலை.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. வார்டில் எல்லாவற்றையும் "டிப்ரஷன்" என்றோ "மன அழுத்தம்" என்றோ சொல்லிவிடுகிறோம். மன அழுத்தம் என்பது நெருக்கடியின் சுமை. அதைக் கேஸ் ஷீட்டில் எழுதினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. இக்கட்டுரையில் மனச்சோர்வு என்பது நோயையும், மனத்தளர்வு என்பது கையற்ற நிலையையும் குறிக்கும். இரங்கற் பாட்டின் துறைக்குக் "கையறுநிலை" என்று பெயர் வைத்தவர்கள் செயலற்று நிற்பதையே துயரத்தின் மையமாகக் கண்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மனத்தளர்வின் மையமும் அதுவேதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நோயாளியின் கேஸ் ஷீட், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல், கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவுகள், இடையூறில்லாத முப்பது நிமிடம், அவசரம் என்றால் உடனே அழைக்க வேண்டிய மனநல மருத்துவரின் எண் ஆகிய ஐந்தும் வேண்டும். ஐந்தாவது இல்லாமல் நான்கை வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாக ஒருவர் சொன்ன பிறகு யாரை அழைப்பது என்று தேடி ஓடுவது, அவர் சொன்னதே தவறு என்று அவருக்கு உணர்த்திவிடும்.

1. பேசுவதற்கு முன் தாள்களைப் படியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் நேரே படுக்கைக்குப் போய்விடுகிறார்கள். அரை மணி நேரம் உருக்கமாகப் பேசி முடித்த பிறகு, மூன்று வாரத்துக்கு முன் ஸ்டீராய்டு தொடங்கியிருந்தது தெரியவரும். மனநிலையைக் கீழே இழுக்கவோ தலைகீழாக்கவோ வல்ல மருந்துகள் பல இருக்கின்றன. ஸ்டீராய்டு அவற்றில் ஒன்று. மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரப்படும் சைக்ளோசெரின், கல்லீரல் அழற்சி போன்றவற்றுக்குத் தரப்படும் இன்டர்ஃபெரான், சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும் வலிப்பு மருந்தான லெவெடிரசெட்டம் ஆகியவையும் அவற்றுள் அடங்கும். மருந்து தொடங்கிய நாளையும் மனநிலை மாறிய நாளையும் அருகருகே எழுதிப் பாருங்கள். பல நேரங்களில் அந்த இரண்டு தேதிகளே விடையைச் சொல்லிவிடும்.

பரிசோதனைகளில் ஹீமோகுளோபின், சோடியம், கால்சியம், சர்க்கரை, தைராய்டு, பி12 ஆகியவற்றைத் தேடுங்கள். தைராய்டு குறைந்தால் வரும் மந்தத்தையும் இரத்தசோகையால் வரும் களைப்பையும் பார்த்தவுடன் மனச்சோர்விலிருந்து பிரிக்க முடியாது. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிட்ட சர்க்கரை நோயாளிக்கு பி12 குறைந்திருக்கலாம் என்பது எளிதில் மறந்துபோகிற ஒன்று.

2. இடத்தையும் ஆளையும் சரிசெய்யுங்கள்

உட்கார்ந்து பேசுங்கள். நின்றபடி பேசினால் நீங்கள் கிளம்பிக்கொண்டிருப்பதாகவே நோயாளி நினைப்பார். கூட இருப்பவரை வெளியே அனுப்புவது நம் ஊரில் எளிதல்ல. "அம்மா, நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, அதுக்குள்ள ஐயாகிட்ட நான் வழக்கமா கேக்கறதைக் கேட்டுடறேன்" என்று இயல்பாகச் சொன்னால் பெரும்பாலும் போய்விடுவார்கள். தான் பாரமாகிவிட்டதாகச் சொல்லப் போகிறவர், தாங்குகிறவர் பக்கத்தில் இருக்கும்போது அதைச் சொல்லமாட்டார்.

டயாலிசிஸில் முதல் அரை மணி நேரத்தையும் கடைசி அரை மணி நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள். முதலில் ஊசி குத்திய வலி இருக்கும். கடைசியில் இரத்த அழுத்தம் இறங்கித் தசைப்பிடிப்பு வரலாம். இரண்டாம் மணி நேரமே நல்ல நேரம்.

3. நினைவுக்குழப்பம் இல்லை என்று உறுதிசெய்யுங்கள்

கூப்பிட்டால் மெதுவாகக் கண் திறந்து, ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி, சாப்பாட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரை "ரொம்ப டிப்ரஸ்டா இருக்கார்" என்று மனநலப் பிரிவுக்கு அனுப்புவது ஒவ்வொரு மருத்துவமனையிலும் நடக்கிற பிழை. அவர்களில் பலருக்கு இருப்பது டெலிரியம் என்னும் நினைவுக்குழப்பத்தின் அமைதியான வகை. கத்திக் கலாட்டா செய்யும் வகையை எல்லோரும் கண்டுகொள்வார்கள். அமைதியான வகை மற்றவர்களுக்குத் தொந்தரவு தராததால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

சோதிப்பது எளிது. வார நாட்களை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். அல்லது இருபதிலிருந்து ஒன்றுவரை எண்ணச் சொல்லுங்கள். பாதியில் இழையை விட்டுவிடுகிறாரா, கேள்வியையே மறந்துவிடுகிறாரா என்று கவனியுங்கள். பிறகு வீட்டாரிடம், "இது திடீர்னு ஒன்றிரண்டு நாளில் வந்ததா, நேரத்துக்கு நேரம் மாறுதா?" என்று கேளுங்கள். திடீரென்று வந்து, ஏறி இறங்கி, கவனமும் சிதறினால் நீங்கள் பார்ப்பது உடல்நிலை அவசரம். மனம் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்தி, வார்டு மருத்துவரை உடனே அழையுங்கள். கிருமித்தொற்று, சோடியம் மாறுதல், யூரியா ஏறுதல், புதிய தூக்க மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

இந்தப் படியை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வைக்கக் கூடாது. குழம்பியிருப்பவர் அடுத்த கேள்விகளுக்குத் தரும் பதில்களை நம்ப முடியாது.

4. உடல் துன்பத்தை முதலில் கேளுங்கள்

வலி, தூக்கம், மூச்சுத் திணறல், அரிப்பு, மலச்சிக்கல். சிறுநீரகச் செயலிழப்பில் வரும் அரிப்பு இரவெல்லாம் தூங்கவிடாது. அதை ஒருவரும் கேட்பதில்லை என்பதால் நோயாளியும் சொல்வதில்லை. அடங்காத வலியோடு இருப்பவரிடம் வாழ்வின் பொருளைப் பற்றிக் கேட்பது முறையாகாது. வலி தணிந்த மறுநாளே "சாகணும்போல இருக்கு" என்ற பேச்சு நின்றுபோனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பயனும் உண்டு. உடலைப் பற்றிய கேள்வி யாருக்கும் வெட்கம் தராது. மனத்தைப் பற்றிப் பேசத் தயங்குகிறவர், தூக்கத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, "ராத்திரி மூணு மணிக்கு முழிச்சுக்கிட்டு யோசிச்சுக்கிட்டே கெடப்பேன்" என்று தானாகவே வாசலைத் திறப்பார்.

5. உயிருக்கு ஆபத்து உண்டா என்று நேராகக் கேளுங்கள்

கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்பது புதியவர்களின் அச்சம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. கேட்கப்பட்டதே பலருக்கு ஆறுதலாக இருக்கிறது. படிப்படியாகப் போங்கள்: "இப்படி இருக்கறதுக்குப் போய்ச் சேர்ந்துடலாம்னு தோணுதா?", "நீங்களே ஏதாவது செஞ்சுக்கலாம்னு நெனப்பு வந்துச்சா?", "எப்படி, எப்போன்னு யோசிச்சிருக்கீங்களா?", "முன்னாடி எப்பவாவது முயற்சி பண்ணியிருக்கீங்களா?" முதல் கேள்விக்கு ஆம் என்பவர் நிறையப் பேர். இரண்டாவதற்கு ஆம் என்றாலே அன்றே மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். மூன்றாவதற்கும் ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வீட்டில் சேர்ந்துகிடக்கும் மாத்திரை, இன்சுலின், பூச்சிமருந்து ஆகியவற்றை வீட்டார் அப்புறப்படுத்திப் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே இருப்பவருக்கு எந்த நேரமும் அழைக்கக்கூடிய, அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி-மானஸ் எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம்.

இங்கே இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். மனத்தளர்வு நோயல்லாத நிலை என்பதால் அதில் ஆபத்து குறைவு என்று எண்ணுவது முதல் தடுமாற்றம். நம்பிக்கையற்றுக் கையற்று நிற்பவர், மனச்சோர்வின் மற்ற அடையாளங்கள் இல்லாமலேயே உயிரை விடத் துணியக்கூடும். ஆகையால் இந்தப் படி இருவகையினருக்கும் பொது. இரண்டாவது, "எனக்கு டயாலிசிஸ் போதும், விட்டுடுங்க" என்பதை உடனே தற்கொலை எண்ணமாகவோ, உடனே நோயாளியின் தெளிந்த முடிவாகவோ எடுத்துக்கொள்வது. அது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். சிறுநீரக மருத்துவர், மனநல மருத்துவர், வலிதணிப்புக் குழு, குடும்பம் ஆகியோர் சேர்ந்து பார்க்க வேண்டிய கேள்வி அது. தனியாளாக எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

6. மகிழ்ச்சியைப் பற்றிக் கேளுங்கள்

பிரித்தறிவதில் அதிகம் உதவுவது இந்தப் படிதான். அவசரமாகத் தாண்டப்படுவதும் இதுதான். "சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்டால் இருவருமே இல்லை என்பார்கள். நடந்த ஒன்றைப் பிடித்துக் கேளுங்கள். "ஞாயித்துக்கிழமை பேத்தி வந்திருந்தாளே, அவ மடியில உக்காந்து பேசினப்போ எப்படி இருந்துச்சு?"

மனத்தளர்வில் இருப்பவர் அந்தக் கணத்தில் மகிழ்ந்திருப்பார். சொல்லும்போதே முகம் கொஞ்சம் மலரும்; பிறகு, "ஆனா எத்தனை நாளைக்கு?" என்று வாடிவிடும். கையில் இருக்கும் இன்பத்தை அவரால் நுகர முடிகிறது. வரப்போகிற இன்பத்தை எதிர்நோக்கத்தான் முடியவில்லை. மனச்சோர்வில் இரண்டுமே போய்விடும். "வந்தா, போனா. ஒண்ணும் தோணல" என்பார், தோன்றாததற்காகத் தன்னையே நொந்துகொள்வார். பிடித்த காபியும் சுவைக்காது, பிடித்த பாட்டும் இரைச்சலாகும்.

அடுத்த கேள்வி செயலைப் பற்றியது. "இப்ப என்ன செஞ்சா கொஞ்சம் பரவாயில்லைன்னு நெனக்கிறீங்க?" மனச்சோர்வில் இருப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும், எழ முடியாது, "நடக்கணும்தான், காலே எழும்ப மாட்டேங்குது." மனத்தளர்வில் இருப்பவருக்கு எழ முடியும், எந்தப் பக்கம் போவதென்று தெரியாது, "என்ன செய்யறதுன்னு சொல்லுங்க, செய்யறேன்." இந்த இரண்டு பதில்களையும் அவருடைய சொற்களிலேயே எழுதிவையுங்கள். மருத்துவருக்கு உங்கள் முடிவைவிட அந்தச் சொற்கள் பயன்படும்.

மூன்றாவது, சூழல் மாறினால் மனம் மாறுகிறதா என்பது. காப்பீட்டு அட்டை கிடைத்த அன்றோ, வலி குறைந்த அன்றோ, மகன் ஊரிலிருந்து வந்த அன்றோ தளர்வு சில மணி நேரத்தில் லேசாகும். மனச்சோர்வு அப்படி விலகுவதில்லை. அதிகாலையில் விழித்து, காலை நேரமே மிகக் கொடியதாய் இருந்து, பேச்சும் அசைவும் மெதுவாகி, இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் அப்படியே நீடித்தால் மனச்சோர்வின் பக்கம் எடை கூடுகிறது. முன்பு ஒருமுறை வந்திருந்தாலும், இரத்த உறவில் யாருக்காவது இருந்தாலும் எடை மேலும் கூடும்.

குற்ற உணர்வை அளக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். "போன ஜென்மத்துப் பாவம்", "தலையெழுத்து", "யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேனோ" என்பவை நம்மிடையே துன்பத்தைச் சொல்லும் வழக்கு. சளி பிடித்தால்கூடச் சொல்வோம். ஆகவே அந்தச் சொற்களைக் கேட்டவுடன் நோயின் குற்ற உணர்வு என்று குறித்துவிடக் கூடாது. "எல்லாரும் சொல்ற மாதிரி சொல்றீங்களா, இல்ல நீங்க தப்பு பண்ணிட்டதா மனசு குத்திக்கிட்டே இருக்கா?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். முன்னதற்குச் சிரித்துக்கொள்வார், பின்னதற்கு அழுவார், அல்லது அமைதியாகிவிடுவார்.

இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். ஐயமாக இருந்தால் மனச்சோர்வு என்றே வைத்து மருத்துவரிடம் அனுப்புங்கள். ஒன்பதாம் படியில் வரும் பேச்சை அதற்காக நிறுத்திவைக்கத் தேவையில்லை.

7. வினாத்தாளைப் பயன்படுத்துங்கள், கூட்டுத்தொகையை மட்டும் நம்பாதீர்கள்

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளில் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது வழக்கமான எல்லை. இப்போது கணக்குப் பாருங்கள். தூக்கம், களைப்பு, பசி, கவனம், அசைவு மந்தம் ஆகிய ஐந்தும் உடல்நோயிலிருந்தே வரக்கூடியவை. சிறுநீரகம் செயலிழந்தவர் ஒவ்வொன்றிலும் 2 பெற்றால், ஒரு துளி சோகமும் இல்லாமலேயே பத்தைத் தொட்டுவிடுவார்.

ஆகவே முதலில் ஆர்வம் குறைவதைக் கேட்கும் ஒன்றாவதையும், மனம் தாழ்வதைக் கேட்கும் இரண்டாவதையும், தன்னைத் தோற்றவராகக் கருதுவதைக் கேட்கும் ஆறாவதையும், உயிரை விடும் எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவதையும் பாருங்கள். முதல் இரண்டில் ஏதேனும் ஒன்று இல்லாமல் மனச்சோர்வு என்று சொல்ல இடமில்லை. ஒன்பதாவதில் 1 வந்தாலும் கூட்டுத்தொகையைப் பார்க்காமல் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

உடல் அறிகுறிகளுக்குப் பதிலாக வேறு சிலவற்றைக் கவனிக்கும் பழைய முறை ஒன்றும் உண்டு. பசிக்குப் பதிலாக வாடிய முகத்தையும் அழுகையையும், தூக்கத்துக்குப் பதிலாக ஆட்களைவிட்டு ஒதுங்குவதையும், களைப்புக்குப் பதிலாகத் தன்னிரக்கத்தையும் அவநம்பிக்கையையும், கவனக்குறைவுக்குப் பதிலாக எதற்கும் முகம் மலராமையையும் எடுத்துக்கொள்வது அது. வினாத்தாளே இல்லாத வார்டில் இந்த நான்கும் போதிய துணை.

எழுத்தறியாதவரிடம் தாளைப் படித்துக்காட்டும்போது "பல நாட்கள்", "பாதி நாட்களுக்கு மேல்" என்பவை குழப்பும். "பதினாலு நாளில் எத்தனை நாள்?" என்று விரல்விட்டு எண்ண வையுங்கள்.

8. நோயாளியிடம் பெயரைச் சொல்லுங்கள்

கண்டறிந்ததைத் தாளில் மட்டும் எழுதிவிட்டு எழுந்துபோகாதீர்கள். மனத்தளர்வு என்றால், "ஐயா, உங்களுக்குப் பைத்தியமும் இல்ல, நீங்க கோழையும் இல்ல, இவ்வளவு பெரிய நோய் வந்தா யாருக்கும் வழி தெரியாம போகும், அந்த வழியைச் சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லலாம். மனச்சோர்வு என்றால், "சர்க்கரை மாதிரி இதுவும் ஒரு நோய், இதுக்கு வைத்தியம் இருக்கு" என்று சொல்லலாம். பெயர் தெரிந்தவுடன் பாதிப் பயம் விலகுவதைக் காண்பீர்கள்.

9. மனத்தளர்வுக்கு: துன்பத்தை ஏற்று, பிறகு வலிமையைத் தேடுங்கள்

ஜேம்ஸ் கிரிஃபித், லின் கேபி என்னும் அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2005இல், படுக்கையருகே செய்யக்கூடிய ஒரு குறும்பேச்சு முறையை வகுத்தார்கள். நோயாளி எங்கே சிக்கியிருக்கிறார் என்பதை எதிரெதிர் இணைகளாக அது பார்க்கிறது. குழப்பத்துக்கு எதிரே தெளிவு, தனிமைக்கு எதிரே உறவு, அவநம்பிக்கைக்கு எதிரே நம்பிக்கை, கையறுநிலைக்கு எதிரே செயல், பொருளின்மைக்கு எதிரே நோக்கம் என்று அது நீளும். எல்லா இணைகளையும் ஒரே நாளில் கேட்பது புதியவர்களின் பேராசை. அழுத்தமாக இருக்கும் ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுங்கள்.

வரிசை முக்கியம். முதலில், நோய் அவரிடமிருந்து எதை எதைப் பறித்தது என்று முழுக்கச் சொல்லவிட்டு, சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். பிறகு, "இவ்வளவு நடந்தும் இன்னிக்கு இங்க வந்து படுத்திருக்கீங்களே, எது உங்களை இழுத்துக்கிட்டு வந்துச்சு?" என்று கேளுங்கள். இதை முதலிலேயே கேட்டால், அவருடைய வலியை நீங்கள் துடைத்தெறிந்ததாக எடுத்துக்கொள்வார். "தைரியமா இருங்க", "உங்களைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனையோ பேர்" என்ற இரண்டு வாக்கியங்களையும் விட்டுவிடுங்கள். முதலாவது அவரைக் கோழை என்கிறது, இரண்டாவது அவருக்கு வருந்தும் உரிமை இல்லை என்கிறது.

ஒரு எடுத்துக்காட்டு, அடையாளம் தெரியாதபடி பலரின் கதையைச் சேர்த்து மாற்றியிருக்கிறேன். விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த ஐம்பது வயதுக்காரர். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடக்கையில் ஃபிஸ்டுலா என்னும் இரத்தக்குழாய் இணைப்பு வைத்ததும், "அந்தக் கையில் எடை தூக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அதை, அந்தக் கையால் இனி எதுவுமே செய்யக் கூடாது என்று புரிந்துகொண்டு, நான்கு மாதமாக அதைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடி வந்துகொண்டிருந்தார். தறிக்காரனுக்குக் கை போனால் பெயரே போயிற்று. அவரைப் பிடித்திருந்தது அவநம்பிக்கை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் அங்கே இருந்தது குழப்பம். கனமான சுமை, இறுக்கமான கட்டு, அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்ப்பது, இரத்தம் எடுப்பது ஆகியவைதான் கூடாதவை என்றும், லேசான வேலை செய்யலாம், பந்தை அழுத்தும் பயிற்சியே நல்லது என்றும் சிறுநீரக மருத்துவரே உட்கார்ந்து விளக்கினார். துண்டு அவிழ்ந்தது. அதன் பிறகுதான் அடுத்த பேச்சுக்கு இடம் கிடைத்தது.

அந்த அடுத்த பேச்சு செயலைப் பற்றியது. அன்றே தொடங்கக்கூடிய, அவர் கையிலேயே இருக்கிற, முடிந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிகிற ஒரு சிறு வேலையைச் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். இரண்டு டயாலிசிஸுக்கு இடையே ஏறும் எடையைத் தன் நோட்டில் தானே எழுதுவது, ஒரு நாளைக்கு அனுமதிக்கப்பட்ட தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்துவைத்து அதிலிருந்தே குடிப்பது, மகன் ஓட்டும் தறியின் பாவு, கூலிக் கணக்கைத் தான் பார்ப்பது போன்றவை. "தினமும் நடங்க, தியானம் பண்ணுங்க, நேர்மறையா நினைங்க" என்று மூன்றை அடுக்கினால் மூன்றும் நடக்காது. தோல்விப் பட்டியலில் இன்னும் மூன்று சேரும்.

தனிமையில் சிக்கியவரிடம், "இதையெல்லாம் யார்கிட்ட மனசு விட்டுச் சொல்ல முடியுது?" என்று கேளுங்கள். "யாருமில்ல" என்றால், முன்பு யார் இருந்தார் என்று கேளுங்கள். ஒரே நாளில் ஒரே நேரத்தில் வரும் டயாலிசிஸ் நோயாளிகளிடையே, ஐந்தாறு ஆண்டு தாக்குப்பிடித்த ஒருவர் இருப்பார். அவருடைய பக்கத்துப் படுக்கையைப் புதியவருக்குக் கொடுப்பது நம்முடைய பல மணி நேரப் பேச்சுக்குச் சமம்.

பணத்தை மறந்துவிடாதீர்கள். தளர்வென்று நாம் பெயரிடுவதில் நல்ல பங்கு பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக மாத்திரையும் வலிதணிப்பு உதவியும் வீட்டுக்கே வருகிறதா என்று கேட்டு, இல்லையென்றால் சமூகப் பணியாளரிடம் கைப்பிடித்துக் கொண்டுபோய் விடுங்கள். தீர்க்கக்கூடிய சிக்கலைத் தீர்க்காமல் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதை நோயாளிகள் சரியாகவே அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

10. மனச்சோர்வுக்கு: மருத்துவரிடம் முழு மருந்துப் பட்டியலோடு அனுப்புங்கள்

எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவுசெய்வார். அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டிய சில சேர்க்கைகள் உண்டு. செர்ட்ராலின், எசிடலோபிராம் போன்ற வகை மனச்சோர்வு மருந்துகள் ஆஸ்பிரினோடும் வலி மாத்திரைகளோடும் சேரும்போது இரத்தக்கசிவு வாய்ப்பைக் கூட்டும். முதியவர்களுக்குச் சோடியத்தைக் குறைக்கும். மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் சாப்பிடுபவருக்கு அதே வகையைச் சேர்ந்த பரோக்செடினும் ஃபுளுவோக்செடினும் பொருந்தாது. தமாக்சிஃபென் உடலில் வேலைசெய்யும் வடிவத்துக்கு மாறுவதை அவை தடுக்கும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு லினெசோலிட் எடுப்பவருக்கும், வலிக்கு டிரமடால் எடுப்பவருக்கும் இந்த வகை மருந்துகளைத் தொடங்குமுன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லியாக வேண்டும். இதய நோயாளிக்கு அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகைகளில் எச்சரிக்கை தேவை.

நோயாளியிடம் சொல்ல வேண்டியது, பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப்பலனுக்கு இன்னும் கூடுதலாகும் என்பதும், முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் வரலாம் என்பதும், நன்றானதும் தானாக நிறுத்தக் கூடாது என்பதும். இதைச் சொல்லாமல் விட்டால் ஐந்தாம் நாளே, "இதுவும் வேலை செய்யல" என்று நிறுத்திவிடுவார். அதுவே அவருடைய நம்பிக்கையின்மைக்கு இன்னொரு சான்றாகிவிடும்.

11. குடும்பத்தாரிடம் என்ன சொல்வது

"அவருகிட்ட எதையும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்ற வேண்டுகோள் அன்பிலிருந்து வருவது. ஆனால் தன் உடலில் என்ன நடக்கிறதென்று தெரியாதவர் குழப்பத்திலேயே கிடப்பார். நோயாளிக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டுவிட்டுப் பிறகு குடும்பத்தோடு பேசுங்கள். பெரும்பாலும் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். வீட்டார் மனம் நோகக் கூடாதென்று அவரும் மறைத்துக்கொண்டிருப்பார்.

வீட்டாருக்கு அறிவுரை வேண்டாம், சொற்களைக் கொடுங்கள். "சாப்பிடு, சாப்பிடு" என்பதற்குப் பதிலாக "ரெண்டு வாய் என்கூடச் சாப்பிடறீங்களா?" என்றும், "அழாதீங்க" என்பதற்குப் பதிலாகப் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் இருப்பதும். அவர் செய்யக்கூடிய வேலைகளை அன்பின் பெயரால் பிடுங்கிக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கவனித்துக்கொள்பவரின் தூக்கத்தையும் ஒரு வரி விசாரியுங்கள். பல வீடுகளில் இரண்டாவது நோயாளி அவர்தான்.

12. எழுதிவைத்து, தேதி குறித்துத் திரும்பிப் பாருங்கள்

குறிப்பு நான்கு வரி இருந்தால் போதும்: உயிராபத்து உண்டா இல்லையா; மகிழ்ச்சி குறித்தும் செயல் குறித்தும் அவர் சொன்ன சொற்கள்; எந்தச் சிறு வேலையைத் தேர்ந்தெடுத்தோம்; அடுத்துப் பார்க்கும் நாள். "நோயாளிக்கு ஆலோசனை வழங்கப்பட்டது" என்ற ஒற்றை வரி, அடுத்த ஷிஃப்ட்டில் வருகிறவருக்கு எதையும் சொல்லாது.

டயாலிசிஸ் நோயாளி இரண்டு மூன்று நாளில் மீண்டும் வருவார் என்பது நமக்குக் கிடைத்த வசதி. வந்தவுடன் அந்தச் சிறு வேலையைப் பற்றி முதலில் கேளுங்கள். செய்யவில்லை என்றால் வேலை பெரிதாகிவிட்டது என்று பொருள், பாதியாக்குங்கள். ஒரு வாரத்தில் ஆறாம் படியின் கேள்விகளை மறுபடி கேளுங்கள். இரண்டு வாரத்தில் அசைவில்லை என்றாலோ, இருந்த மகிழ்ச்சியும் மறைந்தது என்றாலோ, முதலில் பிரித்தறிந்தது தவறு என்று எடுத்துக்கொண்டு மூன்றாம் படியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். இடைப்பட்ட நாட்களில் புதிதாக ஏதாவது மாத்திரை சேர்ந்திருக்கிறதா என்று பட்டியலையும் மீண்டும் பாருங்கள். உள்நோயாளி வீட்டுக்குப் போகும்போது, அந்த நான்கு வரியின் நகல் டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகட்டும்.